பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

சென்ற மாதம் என் மகளின் சைக்கிளுக்கு விளக்கு வாங்கப் போனேன். "முன்னால மட்டும் போதுமா, பின்னாலயும் வேணுமா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். இதே கேள்விக்காக இங்கிலாந்தில் வருஷக்கணக்காகச் சச்சரவு நடந்தது என்று சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

முன் விளக்கில் தகராறு இல்லை. பர்மிங்காமில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்ற ஜோசப் லூக்காஸ் என்பவர், 1870-களின் இறுதியில் 'சாலை ராஜா' என்று ஒரு விளக்குச் செய்தார். அந்நாளைய சைக்கிளின் பிரம்மாண்டமான முன் சக்கரத்துக்குள்ளே, ஆரக்கால்களுக்கு நடுவில், அச்சிலிருந்து அது தொங்கும். பிறகு கார்பைடு விளக்கு வந்தது. மேலறைத் தண்ணீர் கீழறைக் கார்பைடின் மேல் சொட்டச் சொட்ட அசிடிலீன் வாயு பிறக்கும். வெளிச்சம் பிரமாதம், நாற்றம் அதைவிடப் பிரமாதம்!

சண்டையெல்லாம் பின் விளக்கைப் பற்றித்தான். மோட்டார்கள் பெருகியதும், சைக்கிளுக்குப் பின்னாலும் சிவப்பு விளக்கு வேண்டும் என்றார்கள் மோட்டார்காரர்கள். 1878-இல் தோன்றிய சைக்கிள் யாத்திரிகர் சங்கம் மறுத்தது. பின்னால் வருகிறவன்தான் பார்த்து ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவன் அறியாமலே விளக்கு அணைந்துபோய் அவன் அடிபட்டால், பழியும் அவன் மேலேயே விழும் என்பது அவர்கள் கட்சி. 1927-ஆம் வருஷத்துச் சட்டம், விளக்குக்குப் பதில் ஒளியைத் திருப்பியடிக்கும் சிவப்பு வில்லை இருந்தாலும் போதும் என்று சமாதானம் செய்தது. 1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. இருட்டடிப்பின் முதல் மாதத்திலேயே சாலைச் சாவுகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. பின் விளக்குக் கட்டாயமாயிற்று. 1945-இல் அது நிரந்தரச் சட்டமும் ஆகிவிட்டது.

சங்கத்தார் வெறும் பிடிவாதக்காரர்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன், 1993-இல் அப்பாவுக்கு அது நேராதிருந்தால்.

மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார். அவர் சைக்கிளில் முன்னும் பின்னும் விளக்கு உண்டு. இரண்டுக்கும் டயரில் உரசிச் சுழலும் ஒரே டைனமோ. மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. அன்று செயின் கழன்றது. ஓரமாக நிறுத்திக் குனிந்தார். பின்னால் வந்த வேன் மோதியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தவரிடம் வந்தவர் போனவர் எல்லோரும், விசாரிக்க வந்த போலீஸ்காரர் உட்பட, "பின்னால் விளக்கு எரிந்ததா?" என்று கேட்டார்கள். வேன்காரன் பார்த்து ஓட்டினானா என்று ஒருவரும் கேட்கவில்லை. "எரியவில்லை" என்று அப்பா குற்றவாளியைப் போலச் சொன்னார். அதற்குப் பிறகு கடைசிவரை சற்று விந்தித்தான் நடந்தார்.

கடைக்காரரிடம், நின்றாலும் எரியும் பாட்டரி விளக்காகவே கேட்டேன். அவர் அதை ஸீட்டுக்குக் கீழே மாட்டினார். காரியரில் புத்தகப் பையை வைத்தால் விளக்கு மறைந்துவிடும். கழற்றிக் காரியரின் பின் முனையில் மாட்டச் சொன்னேன். முனகிக்கொண்டே மாட்டினார்.

அன்று மாலை தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்த மகள், அங்கிருந்தே, திரும்பாமல் கத்தினாள்: "அப்பா, எரியுதா?"