விரல்மூடாக் கையுறை

உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு ஆகியவற்றைப் போர்த்தி, விரல்களை முழுவதுமாகவோ நடுக்கணு வரையிலோ வெளியே விடும் குளிர்கால உறை. பெரும்பாலும் ஆட்டுக் கம்பளி நூலில் கையால் பின்னப்படுவது. மணிக்கட்டை மட்டும் சுற்றி நிற்கும் குட்டையான காப்பும், முழங்கை வரை ஏறும் நீண்ட உறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

குளிரைத் தடுக்க வந்த உறை, முதலில் விறைத்துப்போகும் விரல் நுனியைத் திறந்து விடுவானேன்? முடிச்சை அவிழ்க்கவும், ஊசியில் நூல் கோக்கவும், சில்லறை எண்ணவும், பக்கம் புரட்டவும் விரல் நுனியின் தொடுவுணர்ச்சி வேண்டும். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தால் வேலை ஓடாது. அதனால் இதன் வரலாற்றை உடையின் வரலாறாக மட்டும் பார்ப்பது போதாது. குளிர்நாடுகளில் ஓய்வில்லாமல் உழைத்த கைகளின் வரலாறும் இதில் அடங்கியிருக்கிறது.

மணிக்கட்டில் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மருத்துவர் நாடி பார்க்கும் இடம் அது. அங்கே வெப்பம் வெளியேறாமல் காத்தால் விரலுக்குப் போகும் குருதி அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஜெர்மானியரும் ஸ்வீடன் நாட்டாரும் இந்தக் காப்புக்கு ‘நாடிச் சூடாக்கி’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் விரல்களுக்குச் செல்லும் குருதியை உடலே குறைத்துக்கொள்ளும். உறைபனியில் நெடுநேரம் நிற்க வேண்டியவர்களுக்கு இது முழுக் கையுறைக்கு மாற்றாகாது.

கம்பளிக் கையுறைகள் பின்னலூசியைவிட மூத்தவை. ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் பழைய முறையில் வட ஐரோப்பியர் கையுறை செய்துவந்தனர். பின்னல் அங்கே வந்து சேர்ந்ததற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எஸ்தோனியாவின் யிஉகா என்னும் ஊரில், ஒரு கல்லறையில் கிடைத்த கையுறைத் துணுக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த அந்தச் சிறு துண்டில் வண்ண நூல்கள் இன்றும் தெரிகின்றன.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பெண்கள் அணிந்த நீண்ட உறைகள் வேறு வகை. பட்டு, லினன், பருத்தி, தோல் ஆகியவற்றில் வெட்டித் தைக்கப்பட்டவை அவை. முழங்கை வரை நீளும். புறங்கையின் மேல் ஒரு முக்கோண மடல் கூராக இறங்கும். அதில் பூவேலை செய்திருப்பார்கள். அவற்றை அணிந்தபடியே தையல் வேலை செய்யலாம், தேநீர் ஊற்றலாம். வெயில் படாமல் காக்கவும் அவை பயன்பட்டன. 1830களில் கறுப்புப் பட்டு வலையுறைகள் நாகரிகமாயின. அவற்றில் அழகு இருந்தது, வெப்பம் இல்லை.

கிராமங்களின் கம்பளிக் காப்பு தனி வழியில் வளர்ந்தது. லித்துவேனியாவில் அதற்கு ‘ரியெஷினேஸ்’ என்று பெயர். மணிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கோட்டின் கைக்கும் கையுறைக்கும் நடுவே காற்று நுழையும் இடத்தை அடைப்பது அதன் வேலை. ஆணும் பெண்ணும் அணிந்தனர். இதில் வியப்பூட்டுவது மணிவேலை. கடுகளவு கண்ணாடி மணிகளைப் பின்னத் தொடங்கும் முன்பே, வடிவத்துக்கேற்ற வரிசையில், மெல்லிய கம்பளி நூலில் கோத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு கண்ணி போடும்போதும் தேவையான மணிகளை மட்டும் நகர்த்திக்கொண்டு வருவார்கள். வரிசையில் ஒரு மணி பிசகினாலும் நட்சத்திர வடிவம் கோணிவிடும். நீண்ட குளிர்கால இரவுகளில், மங்கிய விளக்கொளியில் இதைச் செய்த பெண்களின் பொறுமைக்கு ஈடு சொல்வது கடினம். மணி பதித்த காப்புகள் நார்வேயிலும் பவேரியாவிலும் உண்டு. கிரீன்லாந்தில் பெண்களின் விழாக்கால உடையில் இன்றும் இடம்பெறுகின்றன.

பால்டிக் நாடுகளில் கையால் பின்னிய உறைகள் சீராகவும் பரிசாகவும் கைமாறின. எஸ்தோனிய, லாத்விய மணப்பெண் பெட்டி நிறையக் கையுறை பின்னி வைத்திருந்து, மணமகன் வீட்டாருக்கு வழங்குவாள். தமிழில் கையுறை என்னும் சொல்லுக்கு இருக்கும் பழைய பொருளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சங்க அகமரபில் ‘கையுறை’ என்பது தலைவன் கையில் கொண்டுவரும் பரிசு, தழையும் பூவும். தோழி அதை ஏற்பதும் மறுப்பதும் தனித்துறைகளாகவே அமைந்தன.

இங்கிலாந்தில் இந்தக் கம்பளிக் காப்புக்கு ‘மஃபட்டி’ என்று ஒரு பெயர் வழங்கியது. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட ‘பெஞ்சமின் பன்னியின் கதை’யில், கணவனை இழந்த தாய் முயல் மஃபட்டி பின்னிப் பிழைக்கிறாள். குழந்தைக் கதைதான். ஆனால் ஆதரவற்ற பெண்ணுக்குப் பின்னலூசி சோறு போட்ட காலத்தை அந்த ஒரு விவரம் காட்டிவிடுகிறது.

முதல் உலகப்போர் இந்த எளிய பொருளை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பதுங்குகுழியில் நின்ற வீரன் விசையை அழுத்த வேண்டும், தோட்டா நிரப்ப வேண்டும், காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும். முழுக் கையுறை இதற்கெல்லாம் தடை. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் பின்னித்தரக் கேட்ட பொருள்களில் ஸ்வெட்டர், கழுத்துத்துணி, காலுறையோடு மணிக்கட்டுக் காப்பும் இருந்தது. சங்கம் அச்சிட்டுக் கொடுத்த செய்முறை சில வரிகள்தான்: 48 கண்ணி போடு, 12 அங்குலம் பின்னு, ஓரத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி, கட்டைவிரலுக்கு 2 அங்குலம் விட்டு மூட்டு. பள்ளிச் சிறுவர்களும் ஊசி பிடித்தார்கள். 1918இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஆடுகள் மேய்ந்தன. அவற்றின் கம்பளி செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. யாரென்றே தெரியாத ஒருவனின் கை விறைக்காமலிருக்க இத்தனை பேர் உட்கார்ந்து பின்னியதை, கைத்தொழில் வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாகவே கருத வேண்டும்.

பின்னர் ஆலைப் பின்னலாடை மலிந்ததும் வீட்டுப் பின்னல் குறைந்தது. ஆனாலும் இந்த உறை மறைந்துவிடவில்லை. கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட், குளிருக்கு அஞ்சி வெயில் காலத்திலும் கையுறை அணிந்தவர். விரல்மூடா உறையோடு அவர் இருக்கும் படங்கள் புகழ்பெற்றவை. இந்த நூற்றாண்டில் பின்னுவோரிடையே இது மீண்டும் பரவியது. 2006இல் ‘நிட்டி’ இணைய இதழில் வந்த ‘ஃபெட்சிங்’ என்ற முறுக்குப்பின்னல் வடிவத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பின்னினர். மறு ஆண்டே ஐஃபோன் வந்தது. தோலின் தொடுகையை மின்னூட்டத்தால் உணரும் திரை அது. சாதாரணக் கம்பளிக்கு இணங்காது. மீண்டும் விரல் நுனிக்கு வேலை வந்தது.

பின்னும் முறைகளில் எளியது நீள்சதுரத் துண்டைப் பின்னி, கட்டைவிரலுக்கு இடம் விட்டு மூட்டுவது. நான்கைந்து ஊசிகளில் வளையமாகப் பின்னினால் தையல் தேவையில்லை. கட்டைவிரலின் அடியில் ஆப்பு வடிவில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு போனால் கையோடு ஒட்டி நிற்கும். மணிக்கட்டுக்கு, ஸ்வெட்டர் கையின் முனையில் இருக்கும் இழுபடும் வரிப்பின்னல்தான் பொருத்தம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்பும் நனைந்த உணர்வைத் தராது. பருத்தி நூலுக்கு அந்தக் குணம் இல்லை. மேல் விளிம்பை இறுக்கி முடித்தால் விரல் மடங்காது என்பதால் அங்கே கண்ணிகளைத் தளர்வாக முடிப்பார்கள். ஆப்பு இல்லாத நேரான உறைக்கு இடம், வலம் கிடையாது. உள்ளங்கைப் பக்கம் தேயத் தொடங்கியதும் கை மாற்றி அணிந்துகொள்ளலாம்.