தனுஷ்கோடித் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள்: கட்டுமானமும் காப்புச் சிக்கலும்

முன்னுரை

வழிபாட்டிடத்தின் மதிலும் வாயிலும் அவ்வந்நிலத்தின் இயல்பைக் காட்டுவன. இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ் பகுதித் தேவாலய மதில்கள் அங்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பப்பட்டவை. இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடியில் கட்டுமானக் கல்லைக் கடலே தந்தது. அங்குச் சிதைந்து நிற்கும் தேவாலயத்தின் கட்டுமானப் பொருளையும் அதனைக் காப்பதிலுள்ள சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

துறைமுக நகரும் தேவாலயமும்

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தொடர்வண்டியில் தனுஷ்கோடி வந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் செல்லும் வழி ஏற்பட்டது. தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் ஆகியவற்றோடு தேவாலயமும் இந்நகரில் இருந்தது. 1964 டிசம்பர் 22-23 இரவில் புயலும் கடற்பெருக்கும் நகரை அழித்தன. பயணிகள் வண்டியொன்றும் கடலுக்கு இரையாயிற்று. பின்னர் அரசு இவ்வூரை வாழத் தகுதியற்றதென அறிவித்தது. தேவாலயம் கூரையை இழந்தது. சுவர்களின் பகுதிகளும் வாயில் திறப்புகளும் பீடப்பகுதியும் எஞ்சின.

பவளக்கல்லின் இயல்பு

கருங்கல் கிடைக்காத இம்மணல் தீவில் பவளக்கல்லைப் பயன்படுத்தியது இயல்பானதே. பவள உயிரிகளின் கூடுகளாலான இக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, எடை குறைந்தது, செதுக்க எளியது. இதனைச் சுட்டுச் சுண்ணாம்பும் பெறலாம். எனினும் இதன் நுண்துளைகளே இதன் குறையுமாகும். துளைகளில் ஏறும் உப்புநீர் உலரும்போது உப்பு படிகமாகிக் கல்லை உள்ளிருந்து பிளக்கிறது. காரைப்பூச்சு உதிர்ந்த சுவரில் இச்சிதைவு விரைவுறுகிறது.

காப்புச் சிக்கல்

பவள அகழ்வு கடலுக்கும் கேடு விளைத்தது. மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியமைக்கு அதுவே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் பாறை அமைக்கும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே, சரிந்த கல்லுக்கு ஈடாகப் புதுக்கல் எடுக்க இயலாது, எடுத்தலும் தகாது. சிமெண்டுப் பூச்சும் தீர்வாகாது. அது ஈரம் வெளியேறுவதைத் தடுத்து, உப்பைக் கல்லுக்குள்ளேயே தேக்கும்.

முடிவுரை

கடலைக் காக்கும் சட்டமும் சுவரைக் காக்கும் முயற்சியும் ஒன்றோடொன்று முரண்படுவனவல்ல. விழுந்த கற்களை அவ்விடத்திலேயே எண்ணிட்டுப் பேணுதல், அவற்றையே மீளப் பொருத்துதல், சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துதல், எஞ்சிய வாயில்களை அளந்து வரைபடமாக்குதல் ஆகியன இரண்டுக்கும் இசைந்த வழிகளாம். இவற்றுள் அளந்து பதிதலே முதற்பணி. சுவர் சரிந்தபின் அதற்கு வாய்ப்பில்லை.