தலையுதறும் குதிரை: குணம் என்பதை எதைக்கொண்டு அளப்பது?

நன்கு பழகிய சவாரிக் குதிரை ஒன்று திடீரென்று தலையை மேலும் கீழுமாக வெட்டி உதறத் தொடங்குகிறது. மூக்கினுள் தேனீ புகுந்துவிட்டாற்போல் சீறுகிறது. ஓட்டத்தின் நடுவிலேயே முன்னங்காலில் மூக்கைத் தேய்க்க முயல்கிறது. இதை முரண்டு என்று கருதிக் கடிவாளத்தை இறுக்குவது இன்றும் நடக்கிறது. பெரும்பாலான தலையுதறல் முகத்தில் எழும் வலியின் வெளிப்பாடு என்பதில் கால்நடை மருத்துவத்தில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட பிறகும், சிகிச்சையின் வெற்றியைச் சவாரி செய்பவரின் வசதியைக் கொண்டே அளக்கிறோம். இந்த அளவுகோல் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணத்தைத் தேடுவது எளிதன்று. பிரிட்டனில் லேன், மேர் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 100 குதிரைகளைப் பரிசோதித்தார்கள். காது, பல், கண் முதலியவற்றில் காரணமாக இருக்கக்கூடிய கோளாறு 11 குதிரைகளில்தான் தென்பட்டது. அதைச் சரிசெய்ததால் உதறல் நின்றது என்று காட்ட முடிந்தது இரண்டில் மட்டுமே. அதற்காகப் பல், காது, கண், சேணப் பொருத்தம் ஆகியவற்றைப் பார்க்காமல் விடலாகாது. அந்த இரண்டில் ஒன்றாக நம் குதிரையும் இருக்கலாம். எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பே, அதாவது ட்ரைஜெமினல் நரம்பே, வலிக்குக் காரணம் என்று கொள்கிறோம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மோனிகா அலெமன் குழுவினர் மின்தூண்டல் மூலம் இதைச் சோதித்தனர். நலமான குதிரையின் நரம்பு துலங்கத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே நோயுற்ற குதிரையின் நரம்பு துலங்கியது. நுண்ணோக்கியிலோ அந்த நரம்பில் சிதைவு எதுவும் புலப்படவில்லை. கட்டமைப்பு கெடாமல் செயல் மட்டும் பிறழ்ந்த நரம்பு இது, திரும்பவும் அடங்கக்கூடியது.

பருவத்தோடு நோய் வந்து போவதும் இதற்கு இசைவாக இருக்கிறது. மடிகன், பெல் இருவரும் 2001இல் உரிமையாளர்களிடம் திரட்டிய 109 குதிரைகளின் விவரங்களில் 64 பருவகால நோயாளிகள். பெரும்பாலும் வசந்தத்தில் தொடங்கும் உதறல் கோடை கழிந்ததும் தணிகிறது. சிகிச்சையை மதிப்பிடுவோர் ஏமாறும் இடமும் இதுவே. ஆகஸ்டில் கொடுத்த மருந்துக்கு அக்டோபரின் பெருமை போய்ச் சேர்ந்துவிடும். டால்பட் குழுவினர் 2013இல் 32 குதிரைகளுக்குத் தீவனத் துணைப்பொருளையும் அதே தோற்றமுள்ள வெற்றுப் பொருளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். எது எது என்று அறியாத உரிமையாளர்கள் இரண்டிலும் முன்னேற்றம் கண்டார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சந்தையில் விற்கும் பொடிகளை வாங்குமுன் ஒவ்வொருவரும் இந்த முடிவை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே தீங்கில்லாததில் தொடங்குவதே முறை: மூக்கு வலை, கண்மறைப்பு, வெயில் தணிந்த வேளை. மூக்கு வலை எல்லாக் குதிரைக்கும் உதவாது என்றாலும் மலிவானது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். சைப்ரோஹெப்டடின், கார்பமசெபின் போன்ற மருந்துகளின் பயன் குதிரைக்குக் குதிரை வேறுபடுகிறது. போட்டி விதிகளும் அவற்றை ஏற்பதில்லை. தோலின் வழியே ஊசிமுனை செலுத்தி நரம்பை மின்தூண்டும் முறையில் 168 குதிரைகளைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு 53 விழுக்காட்டில் நோய் தணிந்ததாகக் கூறுகிறது. பல குதிரைகளில் அத்தணிவு நிலைப்பதில்லை. மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. கண்குழிக்குக் கீழுள்ள நரம்பை வெட்டியெறியும் பழைய அறுவைக்கு இனி இடமே இருக்கக் கூடாது. வெட்டிய முனையில் நரம்புக் கட்டி முளைத்து வலியைப் பெருக்கக்கூடும்.

இனி அளவுகோல். வழக்கிலுள்ள தரவரிசையில் பூச்சியம் என்றால் உதறலே இல்லை. ஒன்று என்றால் உதறல் உண்டு, சவாரிக்கு இடையூறில்லை. இரண்டு என்றால் சவாரி இயலாது அல்லது ஆபத்து. மூன்று என்றால் சும்மா நிற்கும்போதும் உதறல். ஒன்றாம் படியையும் இரண்டாம் படியையும் பிரிப்பது குதிரையின் வேதனையன்று, சேணத்தின் மேல் அமர்ந்தவரின் பாதுகாப்பு. முந்தைய தரத்தில் சவாரிக்குத் திரும்புவதையே வெற்றி என்று வரையறுத்தால், சிறு வலியோடு ஓடும் குதிரை வெற்றியாகிறது; சவாரியை நிறுத்தியதும் மேய்ச்சல் நிலத்தில் நிம்மதியாக வாழும் குதிரை தோல்வியாகிறது.

உடற்பயிற்சியே வலியைத் தூண்டுவதால் அதைக்கொண்டு அளப்பதுதான் சீரான சோதனை என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு ஆள் ஏற வேண்டியதில்லை. நீள்கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுக் காணொளி எடுத்தால் போதும். சவாரிக்கு உதவாத குதிரை கைவிடப்படும் என்ற அச்சமும் நியாயமானதே. அது உரிமையாளரின் பொறுப்பைப் பற்றிய கேள்வி. அதற்காகக் குதிரையின் வலியைக் குறைத்து மதிப்பிட முடியாது. எந்தச் சிகிச்சைக்கும் அடங்காமல் லாயத்திலும் ஓயாது உதறும் குதிரைக்கு வலியற்ற இறப்பை அளிப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

ஆய்வாளர்கள் இனி ஓய்விலும் மேய்ச்சலிலும் நீள்கயிற்றிலும் சவாரியிலும் காணும் உதறலைத் தனித்தனியே பதிந்து, ஒரு முழு ஆண்டேனும் தொடர்ந்து வெளியிட வேண்டும். மருத்துவர்களும் ஒன்றாம் படியில் உள்ள குதிரையைச் சவாரிக்குத் தகுந்தது என்று எழுதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.