முதல் குரூப்: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு விருப்பத்தின் வரலாறு

கணிதத்தையும் அறிவியலையும் தமிழ்நாட்டு மாணவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை அவர்களது இயல்பான ஈடுபாட்டைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அப்பாடங்கள் எந்த வேலைக்கு வழிவிட்டன, அவ்வழியில் எத்தனை பேருக்கு இடமிருந்தது என்பவையே அந்நோக்கை ஒவ்வொரு காலத்திலும் பெரிதும் தீர்மானித்தன.

1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரி, நெடுங்காலம் ஒரு சிலருக்கே எட்டியது. 1940களின் முற்பகுதியில் ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய மூவரும் அங்குப் பொறியியல் பயின்ற பின்னரே, இத்துறை பெண்களுக்கும் உரியது என்பதற்குக் கண்முன் சான்று கிடைத்தது. விடுதலைக்குப் பின் கோவை, காரைக்குடி, மதுரை ஆகிய ஊர்களில் கல்லூரிகள் எழுந்தபோதும் இடங்கள் குறைவாகவே இருந்தமையால், பொறியாளராவது சாதாரணக் குடும்பங்களின் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் அதன்பின் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் (பி.யூ.சி.) என்றிருந்த முறை 1978இல் மாறி, மேல்நிலைக் கல்வி எனப்படும் ‘பிளஸ் டூ’ பள்ளிகளுக்குள் வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த மாணவர், ‘குரூப்’ எனப்படும் பாடத்தொகுதிகளுள் ஒன்றைப் பதினைந்து வயதிலேயே தேர்ந்தாக வேண்டியிருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டுக்கும் வழிவிட்டதால், பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் அதையே எடுக்க வேண்டும் என்பது வீடுகளில் எழுதப்படாத விதியாயிற்று. வணிகவியலிலோ வரலாற்றிலோ நாட்டம் கொண்ட பிள்ளைகள் தம் விருப்பத்தை நியாயப்படுத்த வேண்டிய நிலையும் அதனுடன் உருவாயிற்று.

1980களின் நடுவில், அரசு உதவியின்றி மாணவர் கட்டணத்தைக் கொண்டே இயங்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு அனுமதியளித்ததும், 1990களில் மென்பொருள் வேலைகள் பெருகியதும் இவ்விருப்பத்தைப் பேரலையாக்கின. 1997இல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, அதாவது தரவரிசைப்படி மாணவர்களை ஓரிடத்துக்கு அழைத்துக் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தேர்ந்துகொள்ளச் செய்த முறை, சேர்க்கையை வெளிப்படையாக்கியது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கென 1984 முதல் நடைபெற்ற நுழைவுத்தேர்வு, பயிற்சி வகுப்புகள் எட்டாத கிராமப்புற மாணவர்களுக்குத் தடையாக உள்ளது என்ற காரணத்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நீக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பொறியியலுக்குள் நுழைந்தது இத்தகைய முடிவுகளின் பயனே என்பதை மறக்கலாகாது.

எனினும் வாய்ப்பின் விரிவு பாடத்தின் மீதான பற்றாக எப்போதும் மாறவில்லை. நுழைவுத்தேர்வு நீங்கிய பின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்பட்ட ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கையை முடிவு செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே இதில் சேர்ந்ததால், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்து இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அடிப்படைக் கருத்துகளைக் கல்லாமலே உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் கல்லூரியின் முதலாண்டில் தடுமாறினர். இதைத் திருத்தும் நோக்கில் 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அதே 2017இல் மருத்துவச் சேர்க்கை நீட் எனும் தேசிய நுழைவுத்தேர்வின் கீழ் வந்ததால், பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் மருத்துவக் கல்விக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது.

பொறியியல் இடங்கள் நிரம்பாத ஆண்டுகளில், மாணவர்களுக்கு அறிவியல் ஆர்வம் குன்றிவிட்டது என்று வருந்துவோர் இவ்வரலாற்றைக் கருத வேண்டும். பட்டத்துக்கேற்ற வேலை அரிதாகும்போது ஒரு குடும்பம் வேறு வழி தேடுவது அறிவியல் வெறுப்பு ஆகாது. சேர்க்கை விதிகளால் வளர்ந்த விருப்பம் அவ்விதிகளோடும் வேலைச் சந்தையோடும் சேர்ந்தே ஏறி இறங்கும். வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் பாடத்தைப் புரிந்து கற்பதால் வளரும் விருப்பமே அவற்றைத் தாண்டி நிற்கும் என்பதால், கல்விச் சீர்திருத்தம் இடங்களின் எண்ணிக்கைக்குத் தந்த கவனத்தை இனிக் கற்பித்தலுக்கும் தருவது கடமையாகும்.