மக்தலா ஏன் வங்கக் கடலுக்கு வரவில்லை?

போர்க்கப்பலின் பணி வரலாற்றை அது கண்ட போர்களைக் கொண்டே எழுதுவது வழக்கம். மக்தலா, அபிசீனியா என்ற இரு இரும்புக்கவசக் கப்பல்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. 1870இல் லண்டனின் தேம்சுக் கரைத் தளங்களில் நீரில் இறக்கப்பட்ட இவை, பம்பாய்த் துறைமுகக் காவலுக்கென்றே கட்டப்பட்டவை. முப்பதாண்டுகள் அங்கேயே இருந்து, போர் எதையும் காணாமல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய இரும்பாக விலைபோயின. சென்னைக்கு இப்படி ஒரு கப்பல் தரப்படாததைப் புறக்கணிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கப்பலின் உடலமைப்பும் நம் கரையின் இயல்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பதே என் வாதம்.

இக்கப்பல்களின் பெயர்கள் பிரிட்டிஷார் 1867-68இல் அபிசீனியாமீது நடத்திய படையெடுப்பிலிருந்து வந்தவை. அதில் சென்னை மாகாணத்துச் சாப்பர் எனும் பொறியியற் படையினரும் சென்றார்கள். அவர்கள் பங்குகொண்ட வெற்றியின் பெயர் பம்பாயைக் காத்த கப்பல்களில் நிலைத்தது.

எட்வர்டு ரீடின் வடிவமைப்பில் மேல்தளம் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3 அடி உயரம்தான். எதிரியின் குண்டுக்கு இலக்காகும் பக்கப்பரப்பு அதனால் சுருங்கியது. தளத்தின் நடுவே கவசமிட்ட அரண் ஒன்று எழும்பும். அதன் முன்னும் பின்னும் சுழலும் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் 18 டன் எடையுள்ள பீரங்கிகள் இரண்டு. பக்கங்களில் 6 முதல் 8 அங்குலம் வரை தேனிரும்புத் தகடு. அதற்குப் பின்னணியாகத் தேக்குப் பலகை. நிரந்தரப் பாய்மரம் கிடையாது. 1892இல் குழல்வாய் வழியே குண்டிடும் பழைய பீரங்கிகளை நீக்கி, பின்புறம் திறந்து குண்டிடும் 8 அங்குலப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். கப்பலின் வாழ்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் இது ஒன்றே.

இவ்வளவு தாழ்ந்த தளத்துக்கு அமைதியான நீர் வேண்டும். பம்பாய்க்கு அது இயற்கையாகவே வாய்த்திருந்தது. 1870இன் சென்னைக்கோ துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. 1870களின் நடுவில் எழத் தொடங்கிய அலைதடுப்பை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் அமைதி உண்டு, ஆழம் இல்லை. மக்தலாவுக்கு வேண்டியது சுமார் 15 அடி. அந்த ஏரியின் பெரும்பகுதியில் மனிதர் இறங்கி நின்று வலை வீசலாம்.

1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைக் காட்டி, கவசக்கப்பல் ஒன்று இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அதை ஏற்க இயலாது. மக்தலாவின் வேகம் மணிக்கு 10 கடல்மைல் சொச்சம். எம்டனின் வேகம் 23க்கும் மேல். குறை சொல்வதானால் அன்றிரவு விளக்குகளை எரியவிட்டிருந்த நகர நிர்வாகத்தைச் சொல்லலாம். விழிப்பும் கரைப் பீரங்கிகளின் ஆயத்தமும் அன்று பெரிதாக உதவியிருக்கும்.

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர்க் கரை இன்று மாறியிருப்பதற்குக் காரணம் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கடலுக்குள் நீளும் அலைதடுப்புகள். 1870இல் இக்கரைக்கு இல்லாத அமைதி நீர் அங்கே உண்டாக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் தளத்தில் கடலோரக் காவல்படைக்கான ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கே வந்து நின்றது.