தீவின் மேல் விழுந்த வடு

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட ‘லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்’ நாவல், காயம்பட்ட ஒரு காட்டிலிருந்து தொடங்குகிறது. அணுவாயுத யுத்தத்திலிருந்து தப்புவிக்கப்பட்ட பிரித்தானியச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம், ஆளில்லாத தீவொன்றில் வீழ்கிறது. மரங்களை முறித்து அது உண்டாக்கிய நீண்ட தடத்தை கோல்டிங் ‘வடு’ என்றே அழைக்கிறார். சிறுவர்கள் ஒரு கல்லைக்கூட எறிவதற்கு முன்பே, பெரியவர்களின் யுத்தம் அந்தத் தீவைத் தீண்டிவிட்டது.

கோல்டிங் போரை நேரில் கண்டவர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றி, 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்திலும் பங்கேற்றார். பின்னர் பாடசாலை ஆசிரியராகவும் இருந்தார். 1983இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

கப்பல்களின் கண்ணில் படவேண்டும் என்றே சிறுவர்கள் மலையுச்சியில் முதல் தீயை மூட்டுகின்றனர். அது கட்டுமீறிக் காட்டை எரிக்கிறது. முகத்தில் மச்சமுள்ள சிறுவன் ஒருவனை அதன்பின் எவரும் காணவில்லை. அவனைப் பற்றிப் பேசவும் அவர்கள் கூசுகின்றனர். இங்கே தீமை வெறுப்பினால் வரவில்லை. கவனமின்மையாலும் மௌனத்தாலும் வருகிறது.

அடுத்து வேட்டை. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பன்றியைக் கொன்று, அதன் தலையைக் கம்பில் குத்தி, தாம் அஞ்சும் ‘மிருகத்துக்கு’க் காணிக்கையாக வைக்கின்றனர். ஈக்கள் மொய்க்கும் அந்தத் தலையே ‘ஈக்களின் அதிபதி’. மலையில் அவர்கள் கண்ட மிருகமோ, வான்சண்டையில் இறந்து பரசூட்டுடன் விழுந்த ஒரு மனிதனின் உடல். இந்த உண்மையைச் சொல்ல ஓடிவரும் சைமனையே மிருகம் என்று எண்ணி அவர்கள் அடித்துக் கொல்கின்றனர். பிறகு பிக்கி பாறை உருட்டிக் கொல்லப்படுகிறான். கூட்டத்தில் பேசும் உரிமையின் அடையாளமாக இருந்த சங்கும் அவனோடு நொறுங்குகிறது.

இறுதியில், ரால்ஃபை வேட்டையாடுவதற்காகத் தீவு முழுவதையும் எரிக்கின்றனர். காப்பாற்ற மூட்டிய தீ கொன்றது. கொல்ல மூட்டிய தீ கப்பலை அழைத்து வந்தது. வந்த அதிகாரி சிறுவர்களின் கோலத்தைக் கண்டு திகைக்கிறார். ஆனால் அவருக்குப் பின்னால் நிற்பதும் ஒரு போர்க்கப்பல்தான். சிறுவர்களை அவர் தீவிலிருந்து மீட்கலாம். அவரை அந்த யுத்தத்திலிருந்து மீட்பவர் யார்? இந்தக் கேள்வியோடுதான் நாவல் நம்மை விட்டுச் செல்கிறது.

ரால்ஃப் அழுகிறான். அவனுக்குப் பின்னால் தீவு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.