கேம்பர்வேனில் ஒரு டிவி, வேல்ஸில் ஒரு உண்ணாவிரதம்

இந்த எபிசோட் ஒரு கிரிக்கெட் மேட்ச்ல ஆரம்பிக்குது. ஆனா கிரிக்கெட் பத்தி இல்ல.

2024 ஜூன் 29. டி20 உலகக் கோப்பை ஃபைனல், இந்தியா, தென்னாப்பிரிக்கா. அப்போ நான் ஆன்சைட்ல மான்செஸ்டர்ல இருந்தேன். ரெண்டு மாசம் முன்னாடியே நாலு பேரா சேர்ந்து ஒரு கேம்பர்வேன் வாடகைக்குப் பேசி, வடக்கு வேல்ஸ்ல ஒரு பள்ளத்தாக்குல இடமும் புக் பண்ணியிருந்தோம். ஃபைனல் அதே நாள்ல வரும்னு யாருக்குத் தெரியும்? "வேன்லயே டிவி இருக்குடா, பாத்துக்கலாம்"னு நான்தான் எல்லாரையும் சமாதானப்படுத்தினேன்.

போய்ச் சேர்ந்து பார்த்தால் மூன்று பக்கமும் மலை. போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகிறது. டிவியைப் போட்டுச் சேனல் தேட விட்டால், பூஜ்யம். மேலே இருந்த ஆன்டெனாவைச் சுற்றாத திசை இல்லை. மச்சான் ஒருத்தன் என்னைப் பார்த்து, "நீ இசிஇதானே படிச்ச?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

பக்கத்து கேரவனில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் எங்கள் ஆன்டெனாவைக் கழற்றி 90 டிகிரி திருப்பி மாட்டினார். படுத்திருந்த கம்பிகள் நின்றன. படம் வந்துவிட்டது!

நாலு வருஷம் படித்த பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போலரைசேஷன். பிரிட்டனில் பெரிய டிவி கோபுரங்களில் பெரும்பாலானவை கிடைமட்ட அலைகளை அனுப்பும். மலை மறைக்கிற ஊர்களுக்காக வைத்த சின்ன ரிலே கோபுரங்களில் பெரும்பாலானவை செங்குத்தாக அனுப்பும். ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆன்டெனாவின் கம்பிகளும் அதே வாக்கில் இருக்க வேண்டும். ரிலேயில் சேனல்களும் கம்மி. ஃபைனலோ காசு கட்டுகிற சேனலில் ஓடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது யூரோ கால்பந்து, சுவிட்சர்லாந்தும் இத்தாலியும். அப்புறம் ஒரு சேனலில் யாரோ ஒருவர் ஆடு வளர்ப்பைப் பற்றி, எங்கள் நாலு பேருக்கும் ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியவர் திரையைக் காட்டி, "இதுக்காக ஒருத்தர் சாகத் தயாரா இருந்தார், தெரியுமா?" என்றார்.

அந்தச் சேனல் எஸ்4சி. மொழி வெல்ஷ். ஊருக்குத் திரும்பியதும் நான் தேடிப் படித்த கதை இதுதான்.

1961 கணக்கெடுப்பில் வேல்ஸில் நூற்றுக்கு 26 பேர் வெல்ஷ் பேசினார்கள். 1981இல் 19 பேர். அந்த இருபது வருஷத்தில்தான் டிவி எல்லா வீட்டுக்கும் வந்தது. வெல்ஷ் நிகழ்ச்சிகளே இல்லாமல் இல்லை. ஆனால் ஆங்கிலச் சேனல்களுக்கு நடுவே, பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில் செருகி வைத்தார்கள். இதில் இரண்டு பக்கமும் கோபம். வெல்ஷ் பேசாதவர்கள் பலர் ஆன்டெனாவை இங்கிலாந்துக் கோபுரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கூரையைப் பார்த்தே அந்த வீட்டின் அரசியலைச் சொல்லிவிடலாம் போல!

வெல்ஷுக்குத் தனிச் சேனல் தருவோம் என்று 1979 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேடிவ் கட்சி எழுதிக் கொடுத்தது. மார்கரெட் தாட்சர் ஜெயித்தார். சில மாதங்களிலேயே, செப்டம்பரில், உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா தனிச் சேனல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

அடுத்த மாதம் நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. பென்காரெக் என்ற இடத்தில் ஒரு டிவி கோபுர நிலையத்துக்குள் மூன்று பேர் நுழைந்து சுவிட்சை அணைத்தார்கள். முகமூடி போட்ட இளைஞர்கள் இல்லை. ஒருவர் இறையியல் அறிஞர், ஒருவர் பிபிசி வேல்ஸில் பொழுதுபோக்குப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர், ஒருவர் இலக்கியப் பேராசிரியர். வழக்கு நடந்தது, குற்றவாளிகள் என்றே தீர்ப்பும் வந்தது. சர்வரை டவுன் பண்ணப் போகிற புரொபசர்களை யோசித்துப் பாருங்கள்.

டிவி லைசென்ஸ் கட்ட மாட்டோம் என்று சுமார் 2,000 பேர் உறுதி எடுத்தார்கள். எங்கள் பெரியவரும் அதில் ஒருத்தராம். "எங்க அம்மா மட்டும் பயந்துபோய் எனக்குத் தெரியாம கட்டிட்டாங்க"ன்னு சிரிச்சார்.

1980 மே மாதம், ப்ளைட் கம்ரி கட்சியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் ஓர் அறிவிப்பு விட்டார். சேனல் தராவிட்டால் அக்டோபர் 6 முதல் உண்ணாவிரதம், சாகும்வரை. அப்போது அவருக்கு 67 வயது. 1966இல் அந்தக் கட்சிக்கு முதல் நாடாளுமன்ற இடத்தை ஜெயித்துக் கொடுத்தவர். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கும்.

பேச்சில் மாறாதவர் என்று பெயர் எடுத்த தாட்சரின் அரசு, செப்டம்பர் 17 அன்று இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1இல் எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியது, பிரிட்டனின் சேனல் 4க்கு ஒரு நாள் முன்னாடி. நம்மில் சிலர் சின்ன வயசில் பார்த்த ஃபயர்மேன் சாம் முதலில் வந்ததே இங்கேதான், சாம் டான் என்ற பெயரில், வெல்ஷில்.

சேனல் வந்ததால் மொழி பிழைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2021 கணக்கெடுப்பில் அந்த 19 என்பது 18க்கும் கீழே. ஆனால் சந்தா கட்டாமல், இன்டர்நெட் இல்லாமல், ஒரு பள்ளத்தாக்கில் ஆன்டெனாவைத் திருப்பினால் அந்த மொழி வருகிறது. அந்த ஆன்டெனா ஒளிபரப்புக்கு 2034 வரைதான் உத்தரவாதம். அதற்குப் பிறகு எல்லாம் ஸ்ட்ரீமிங்தானா என்று அங்கே இப்போது விவாதம் ஓடுகிறது. போனில் ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, ஸ்ட்ரீமிங் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

மேட்ச்? கடைசி ஓவர்ல சூர்யகுமார் பிடிச்ச அந்த கேட்ச், எங்களுக்கு அப்பா போன்ல கத்தினதா மட்டும்தான் வந்தது. 7 ரன்ல ஜெயிச்சோம். நாங்க போட்ட கூச்சலுக்குப் பெரியவர் கேரவன் ஜன்னலைத் திறந்து, "சுவிட்சர்லாந்துக்கா இவ்ளோ சந்தோஷம்?"னு கேட்டார்.